மரச்சீனியும் ஆடும்: ஒரு சிறு குறிப்பு

மணவாளக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது மணல் ஆலைதான். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட்டைக் கண்டுபிடித்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். கரையை விட்டு உள்ளே வந்தால், விளைகளில் நிற்கும் மரச்சீனிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் ஆடுகளும் வருகின்றன.

தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த பயிர் இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்குவித்தார். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, ஏழை வீடுகளில் வயிற்றை நிரப்பியது மரச்சீனிதான்.

மனுசனைக் காப்பாற்றிய அதே செடி ஆட்டைக் கொல்லும். இலையிலும் கிழங்குத் தோலிலும் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. மெல்லும்போது செல்கள் உடைந்து, அது ஒரு நொதியோடு சேர்ந்து சயனைடை வெளிவிடும். நாம் கிழங்கை அவித்து வெள்ளத்தை வடித்துக் களைகிறோம். ஆட்டுக்கு அந்த வசதி கிடையாது. போதாததற்கு, அசைபோடும் விலங்குகளின் வயிற்று நுண்ணுயிர்களும் சயனைடைப் பிரித்துக் கொடுக்கின்றன. அளவு மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும்.

வறட்சியில் ஆபத்து இரண்டு பக்கமும் கூடும். தண்ணீர் குறைந்தால் இலையில் லினமரின் ஏறும். மேய்ச்சலில் புல் இல்லாததால் பசித்த ஆடு பச்சையாக நிற்பதில் வாய் வைத்து, வேகமாக, நிறையத் தின்னும். பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது போன்ற வருசங்கள்தான் ஆடு வளர்ப்பவர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக் காக்க வேண்டியவை.

கரிசல் பக்கம் இதே வேலையைச் செய்வது சோளம். அதிலுள்ள நச்சுமூலத்தை டன்ஸ்டனும் ஹென்றியும் 1902-ல் பிரித்து, சோளத்தின் அரபிப் பெயரை ஒட்டி 'துரின்' என்று பெயர் வைத்தார்கள். வாடிக் குட்டையாக நிற்கும் பயிரும், வெட்டிய தட்டையில் துளிர்க்கும் இளங்குருத்தும்தான் மோசம்.

மருந்து இருக்கிறது: சோடியம் நைட்ரைட்டும், பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் 'ஹைப்போ' என்று சொன்ன சோடியம் தயோசல்பேட்டும். ஊசியாக, அதுவும் உடனே போட வேண்டும். டாக்டர் வந்து சேரும்வரை ஆடு தாங்குமா என்பதுதான் கேள்வி.

ஆகவே செலவில்லாத வழியே நல்ல வழி. இலையை நறுக்கி இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்தால் சயனைடில் பெரும்பகுதி போய்விடும். பிறகு மற்ற தீவனத்தோடு கலந்து, கொஞ்சமாகக் கொடுக்கலாம். வெயிலுக்கு மட்டும் வறட்சியில் பஞ்சமில்லையே!