கணக்கில் தோன்றிய சுவர்

பூமியிலிருந்து வினாடிக்கு 11.2 கி.மீ. வேகத்தில் எறியப்படும் பொருள் திரும்பி விழாது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இதுவே விடுபடு வேகம். ஒரு விண்மீனின் விடுபடு வேகம் ஒளியின் வேகத்தையும் மிஞ்சிவிட்டால் என்ன ஆகும்? 1783-இல் இக்கேள்வியை எழுப்பியவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் மிச்செல். சூரியனின் அடர்த்தியும், அதைப்போல் 500 மடங்கு விட்டமும் உடைய விண்மீனிலிருந்து புறப்படும் ஒளி, மேலே எறிந்த கல்லைப் போலத் திரும்பி வந்துவிடும் என்று அவர் கணக்கிட்டார்.

1915-இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியல் கொள்கையை வெளியிட்டார். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மன் படையில் பணியாற்றிய வானியலறிஞர் கார்ல் சுவார்ட்ஸ்சில்டு, போர்முனையில் இருந்தவாறே அக்கொள்கையின் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு கண்டார். 1916 மே மாதம் நோயுற்று, 42-ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய தீர்வில் ஒரு சிக்கல் இருந்தது. குறிப்பிட்ட ஓர் ஆரத்தில் சமன்பாட்டின் ஓர் உறுப்பு முடிவிலியாகிவிடுகிறது. சூரியனின் நிறைக்கு இந்த ஆரம் சுமார் 3 கி.மீ.; பூமியின் நிறைக்கோ 9 மி.மீ. மட்டுமே! இயற்கையே அங்கு ஒரு சுவரை எழுப்பியுள்ளதாகப் பலர் எண்ணினர். எந்தப் பொருளும் அந்த அளவுக்குச் சுருங்க இயலாது என்று 1939-இல் ஐன்ஸ்டைனே ஒரு கட்டுரை எழுதினார்.

அதே ஆண்டில் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் வேறொரு முடிவுக்கு வந்தனர். தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும் விண்மீனைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, அது அந்த ஆரத்தை நெருங்க நெருங்க உறைந்து நிற்பதுபோல் தோன்றும். ஆனால் விண்மீனோடு சேர்ந்து விழுபவரோ தடையின்றி உள்ளே போய்விடுவார். இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகும்?

உங்கள் புவியியல் வரைபடத்தைப் பாருங்கள். வட துருவத்தில் தீர்க்க ரேகைகள் யாவும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. அப்புள்ளியின் தீர்க்கரேகை எது என்று கேட்டால் விடை கிடையாது. அதனால் அங்கே பூமி உடைந்துவிட்டதா என்ன? குறை பூமியில் இல்லை; நாம் போட்ட கோடுகளில் இருக்கிறது. சுவார்ட்ஸ்சில்டு ஆரத்தில் தோன்றிய முடிவிலியும் இத்தகையதே. இதை 1930-களின் தொடக்கத்திலேயே லமேத்ர் கண்டறிந்தார். எனினும் பலர் அதைக் கவனிக்கவில்லை. 1958-இல் டேவிட் ஃபிங்கெல்ஸ்டைன் வேறு ஆயத்தொலைவுகளைக் கையாண்டு உண்மையைத் தெளிவாக்கினார். அங்கே சுவர் இல்லை; உள்ளே செல்லலாம், வெளியே வர முடியாத ஒருவழி எல்லைதான் உண்டு. அதையே இன்று கருந்துளையின் நிகழ்வெல்லை என்கிறோம்.

மிச்செலின் ஒளி சிறிது தூரம் மேலேறித் திரும்பியது. நிகழ்வெல்லைக்குள் ஒளியால் சிறிதும் வெளிநோக்கி முன்னேற முடியாது. மையத்தை நோக்கியே அது இழுக்கப்படும்.

2019 ஏப்ரல் 10 அன்று எம்-87 அண்டத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழற்படம் வெளியிடப்பட்டது. அதன் நிறை சூரியனைப்போல் சுமார் 650 கோடி மடங்கு. நிகழ்வெல்லையின் ஆரம் ஏறத்தாழ 1,900 கோடி கி.மீ. அத்தனை பெரிய எல்லையைக் கடப்பவர், கடந்த நொடியில் எதையும் உணரமாட்டார்!

ஆனால் கருந்துளையின் மையத்திலும் கணக்கு ஒரு முடிவிலியைக் காட்டுகிறது. எந்த ஆயத்தொலைவுகளைக் கையாண்டாலும் அது மறைவதில்லை. அங்கே கொள்கையே போதாமல் போகிறது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். அதை நிறைவு செய்யும் பணி, இன்று இயற்பியல் படிக்கும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.