302 நிலைக்குறி

கேட்ட பக்கம் தற்காலிகமாக வேறு முகவரியில் இருக்கிறது என்று வழங்கி உலாவிக்குச் சொல்லும் எச்.டி.டி.பி. விடையெண் 302. நெறிமுறை ஒன்று சொல்ல, மென்பொருள்கள் வேறொன்று செய்தால் எதைக் கொள்வது என்ற கேள்விக்கு இதன் வரலாறு நல்ல சான்று.

கட்டணப் படிவம் ஒன்றை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறோம். தகவல் போஸ்ட் முறையில் போகிறது. வழங்கி 302 என்ற எண்ணையும், 'லொகேஷன்' வரியில் புது முகவரியையும் அனுப்புகிறது. உலாவி அதே தகவலைப் புது முகவரிக்கு மறுபடி போஸ்ட் செய்ய வேண்டுமா, அங்குள்ள பக்கத்தை கெட் முறையில் எடுத்துவந்தால் போதுமா?

1996-இல் வந்த நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 1945-இன்படி, பயனரைக் கேட்காமல் போஸ்ட் கோரிக்கையைத் திருப்பிவிடக் கூடாது. முறையை மாற்றுவதும் தவறு. உலாவிகளோ கேட்காமலே கெட்டுக்கு மாறின. வலைத்தளம் எழுதியவர்களுக்கு அதுவே வசதியாக இருந்தது: ரசீதுப் பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் பணம் இரண்டாம் முறை பிடிக்கப்படாது. அதை நம்பியே தளங்கள் பெருகின. அதன்பின் உலாவிகளைத் திருத்தியிருந்தால் ஒழுங்காக ஓடிய தளங்கள்தாம் உடைந்திருக்கும்.

நெறிமுறையாளர்கள் பிடிவாதம் பிடிக்காதது சரியான முடிவு. கெட்டுக்கு மாறு என்று ஐயமின்றிச் சொல்ல 1997-இல் 303 வந்தது. முறையை மாற்றாதே என்று சொல்ல 1999-இல் 307. 2014-இல் ஆர்.எஃப்.சி. 7231, வரலாற்றுக் காரணங்களுக்காக 302-இல் போஸ்டை கெட்டாக மாற்றலாம் என்று எழுதியே கொடுத்தது. 'இல்முன்' என்பது 'முன்றில்' என்று மாறி வழங்கியதை நம் இலக்கணிகள் தள்ளிவிடாமல் இலக்கணப்போலி என்று பெயரிட்டு ஏற்றார்களே, அது போன்றது இது. நிரந்தர மாற்றத்தைக் குறிக்கும் 301-க்கும் இதே கதைதான்; முறை மாறாத அதன் இணை 308.

ஆனால் எல்லா முரணிலும் வழக்குக்கு வழிவிட முடியாது. ஒரே கோரிக்கையில், அதன் எல்லையைக் காட்டும் 'கன்டென்ட்-லெங்த்', 'டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்' வரிகள் இரண்டும் இருந்து, முன்னிற்கும் பதிலி வழங்கி முதலாவதையும் பின்னுள்ள வழங்கி இரண்டாவதையும் நம்பினால், கோரிக்கை எங்கே முடிகிறது என்பதிலேயே இரண்டும் முரண்படும். அந்த இடைவெளியில் இன்னொரு கோரிக்கையை ஒளித்து அனுப்புவதே 'ரிக்வெஸ்ட் ஸ்மக்லிங்' தாக்குதல். இங்கே 2022-இன் ஆர்.எஃப்.சி. 9112 கண்டிப்பானது: வழங்கி அத்தகைய கோரிக்கையை மறுக்கலாம், அல்லது 'டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்'கை மட்டும் கணக்கில் கொள்ளலாம், எதைச் செய்தாலும், விடை அனுப்பியபின் இணைப்பைத் துண்டித்தே ஆக வேண்டும்.