கிரகணம் கண்ட ஊர்கள்

2019 டிசம்பர் 26ஆந் திகதி காலை, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலைப் பகுதிகளில் வானம் தெளிந்திருந்த இடங்களில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அதே காலையில் கொழும்பில் இருந்தவர்களுக்குப் பிறைபோல் ஒடுங்கிய சூரியனே தெரிந்தது. சிறிய தீவொன்றுக்குள்ளேயே இந்த வேறுபாடு. சூரிய கிரகணத்தின்போது சந்திரனின் நிழல் பூமியின் மேல் ஓர் ஒடுங்கிய பாதையாகவே ஓடும். முழுக் கிரகணமாயினும் அப்பாதையின் அகலம் பெரும்பாலும் 270 கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை.

சந்திர கிரகணம் அப்படியன்று. அங்கே சந்திரனே பூமியின் நிழலுக்குள் போய் ஒளி இழக்கிறது. ஆகவே, எங்கெல்லாம் அப்போது சந்திரன் வானில் இருக்கிறதோ அங்கெல்லாம் அது ஒரே கணத்தில் தெரியும். வேறுபடுவது ஊரின் நேரம் மட்டுமே. 2018 ஜூலையில் நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தில் சந்திரன் முற்றாக மறைந்த வேளை மக்காவில் 27ஆந் திகதி இரவு 10.30 மணி. இலங்கையில் அது 28ஆந் திகதி அதிகாலை 1 மணி. இந்தச் சிறு உண்மைக்குள் பூமியை அளக்கும் ஒரு கோல் ஒளிந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்தவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் மதீனாவுக்குப் போகவேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்திலேயே மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அது கி.பி. 632 ஜனவரி 27 என்பது இன்றைய வானியலாளரின் கணிப்பு. அக்குழந்தைக்காகவே வானம் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். மகனை இழந்த துயரத்தில் இருந்தபோதும் நபிகளார் அப்பேச்சை ஏற்கவில்லை. மனிதரின் பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணத்துக்கும் தொடர்பில்லை எனத் தெளிவுபடுத்தி, தொழுகையில் ஈடுபட்டார்கள். கிரகணத்தைத் தனி மனிதரின் விதியோடு முடிச்சுப்போடும் வழக்கம் அங்கே மறுக்கப்பட்டது. கிரகணம் விலகும்வரை தொழும் வழக்கமும் நிலைபெற்றது.

மூன்றரை நூற்றாண்டுகள் கழித்து, இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள காத் நகரில் 23 வயது இளைஞர் ஒருவர் சந்திர கிரகணத்துக்காகக் காத்திருந்தார். அவர்தான் அல்பீரூனி. 995இல் குவாரிஸ்மில் மூண்ட ஆட்சிப் பூசலில் ஊரைவிட்டு ஓடி, பின்னர் திரும்பியிருந்தவர். பக்தாதில் அவரினும் மிக மூத்தவரான கணித அறிஞர் அபுல் வஃபா இருந்தார். இருவரும் முன்கூட்டியே பேசிவைத்து, 997 மே 24ஆந் திகதிக் கிரகணத்தைத் தத்தம் ஊரிலிருந்து அவதானித்தனர். இரண்டு ஊர்களின் நேரத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியால வேறுபாடு இருந்தது. பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கிறது. எனவே இரு நகரங்களுக்கும் இடையிலான நெடுங்கோட்டு வேறுபாடு ஏறத்தாழ 15 பாகை. இன்றைய கணக்கில் அது 16 பாகையைச் சற்றுத் தாண்டும். தொலைநோக்கியும் மணிக்கூடும் தந்தியும் இல்லாத காலத்தில் நடந்த வேலை இது!

இது வெறும் அறிவு விளையாட்டல்ல. ஓர் ஊரின் நெடுங்கோடு தெரியாமல் அங்கிருந்து கிப்லாவின் திசையைச் சரியாகக் கணிக்க முடியாது. அல்பீரூனி 1025இல் முடித்த ‘தஹ்தீத்’ என்ற நூல் கஸ்னா நகரின் இருப்பிடத்தையும் கிப்லாவையும் நிறுவுவதற்கென்றே எழுதப்பட்டது. இளமையில் சூரிய கிரகணங்களைப் பார்த்ததால் தமது பார்வை பழுதுபட்டதையும், சூரியனை நேரே பாராமல் நீரில் விழும் பிம்பத்தைப் பார்ப்பதே மேல் என்பதையும் அந்நூலில் அவர் பதிந்திருக்கிறார். அந்த அளவுகளுக்கு அவர் தம் கண்களையே விலையாகக் கொடுத்தார்.

கெய்ரோவில் வாழ்ந்து 1009இல் மறைந்த இப்னு யூனுஸ் வேறொரு வகையில் உழைத்தார். தமது ‘ஹாகிமி’ வானியல் அட்டவணை நூலில் 829 முதல் 1004 வரையிலான சுமார் முப்பது கிரகணங்களின் விபரங்களைத் திரட்டி வைத்தார். பக்தாதில் பிறர் கண்டவையும் கெய்ரோவில் தாம் கண்டவையும் அதில் உண்டு. 977 டிசம்பரில் கெய்ரோவின் கராஃபாப் பகுதியில் உள்ள ஒரு பள்ளிவாசலில் அறிஞர் சிலரோடு கூடி அவர் ஒரு சூரிய கிரகணத்தைப் பார்த்தார். கிரகணம் கண்ணுக்குப் பட்டபோது சூரியன் அடிவானத்திலிருந்து 15க்கும் 16க்கும் இடைப்பட்ட பாகை உயரத்தில் நின்றது. சூரிய விட்டத்தின் 12 ‘விரல்’களில் 8 மறைந்தது. இவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது அவரது குறிப்பு. கணக்குச் சொன்ன நேரத்துக்கும் கண்ணால் கண்ட நேரத்துக்கும் பொருத்தமில்லாத இடங்களிலும் பொருத்தமின்மையை அந்நூல் மறைக்கவில்லை.

அந்த நேர்மைக்கு எட்டு நூற்றாண்டுகள் கழித்துப் பயன் கிடைத்தது. லைடன் நகரில் இருந்த கையெழுத்துப் பிரதியிலிருந்து கோசன் என்பவர் 1804இல் இக்குறிப்புகளைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகொம்ப் 1878இல் சந்திரனின் இயக்கத்தை ஆராய அவற்றைப் பயன்படுத்தினார். பின்னர் டர்ஹம் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்சன், பாபிலோனிய, சீன, அரபு, ஐரோப்பியக் குறிப்புகளை ஒன்றுசேர்த்துப் பூமியின் சுழற்சியை அளந்தார்.

அவரது வாதம் எளிமையானது. கி.மு. 136இல் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாகக் களிமண் பலகைகள் கூறுகின்றன. பூமி என்றும் ஒரே வேகத்தில் சுழன்றிருந்தால், அந்த நிழல் 48 பாகைக்கும் மேல் மேற்கே தள்ளி, மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் விழுந்திருக்கும். பாபிலோனில் தெரிந்ததென்றால் பூமியின் சுழற்சி மெல்லக் குறைந்து வந்திருக்கிறது என்றாகிறது. ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்குச் சராசரி 1.8 மில்லிசெக்கன் கூடுகிறது என்பது 2016இல் வெளியான கணிப்பு. பண்டைய பலகைகளுக்கும் தொலைநோக்கிக் காலத்துக்கும் இடைப்பட்ட நெடிய இடைவெளியை நிரப்புவதில் பக்தாத், கெய்ரோ குறிப்புகளுக்குப் பெரும் பங்குண்டு.

“நம்மவர் அன்றே எல்லாம் கண்டுபிடித்துவிட்டனர்” என்று மேடையில் முழங்குவது எளிது. இப்னு யூனுஸுக்குப் பூமியின் வேகம் குறைவது தெரியாது. அல்பீரூனிக்கும் தெரியாது. அவர்கள் செய்தது வேறு: எந்த ஊர், எந்த நேரம், எவ்வளவு மறைந்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினர். தமக்குத் தெரியாத கேள்விக்கும் விடையைச் சேமித்து வைத்தனர். பெருமைப்படுவதாயின் அந்த ஒழுக்கத்துக்காகப் பெருமைப்படலாம். அதைப் பின்பற்றாத பெருமை வெறும் ஓசை.

1955 ஜூன் 20ஆந் திகதி முழுச் சூரிய கிரகணத்தின் பாதை இலங்கையைக் கடந்தது. கருவிகளோடு வந்த வெளிநாட்டு ஆய்வாளர் பலருக்கு முகில்தான் காட்சியளித்தது. முகில் மறைத்தது என்பதும் ஒரு குறிப்பே. அதையும் எழுதத்தான் வேண்டும்.

2027 ஆகஸ்ட் 2ஆந் திகதிக் கிரகணத்தின் முழுநிழல் எகிப்தின் லக்ஸர், ஜித்தா, மக்கா வழியாகச் செல்வதாகக் கணிக்கப்பட்டுள்ளது. இலங்கையில் அது மாலையில் பகுதிக் கிரகணம். தொழுகைக்குச் செல்வோர் செல்லட்டும். உரிய வடிகண்ணாடியோடு பார்ப்போர் பார்க்கட்டும். யாராவது ஒருவர் ஒரு கொப்பியில் ஊரின் பெயரையும் தொடங்கிய நேரத்தையும் மறைந்த அளவையும் எழுதி வைக்கட்டும். அதற்கு ஒரு பென்சில் போதும்.