திருக்கடைக்காப்பு

பதிகத்தின் முடிவில், பாடுவோர் பெறும் பயனைச் சொல்லும் பாட்டு. திருஞானசம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் 11ஆம் பாடல். அவரது முதல் மூன்று திருமுறைகளுக்கே இப்பெயர் உண்டு. தம் பெயரையும் ஊரான காழியையும் சொல்லிவிட்டு, கேட்டவரைப் பாட அழைக்கிறார். கோளறு பதிகத்தின் முடிவில் ஒருபடி மேலே போய், ஓதுவோர் வானில் அரசாள்வர், இது தம் ஆணை என்று உறுதியே தருகிறார். இத்தனை உரிமையோடு படிப்பவரிடம் பேசும் முடிவுரை அரிது. சுந்தரர் பதிகங்களிலும் ஆழ்வார் பாசுரங்களிலும் இம்மரபு தொடர்கிறது. ஆண்டாளின் திருப்பாவையில் 30ஆம் பாசுரம் அத்தகையது. அப்பர் பதிகங்களிலோ கடைசிப் பாடல் பெரும்பாலும் இராவணனைப் பேசும். பிற்காலக் கந்தசஷ்டி கவசம், நாளுக்கு 36 முறை ஓதும்படி கணக்கே சொல்கிறது.