எடையும் காப்பும்: பேராக்கின் சுமை வண்டிகள்

சுமை வண்டிகளின் வரலாறு பெரும்பாலும் அவை ஏற்றிச் சென்ற சுமையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எவ்வளவு ஈயம் சென்றது, எவ்வளவு ரப்பர் சென்றது என்னும் கணக்குகள் கிடைக்கின்றன. வண்டியில் அமர்ந்தவரும், அதற்கு எதிரே வந்தவரும் எவ்வாறு காக்கப்பட்டனர் என்னும் கணக்கு எளிதில் கிடைப்பதில்லை. மின்சாரத்தால் ஓடும் பிக்கப் வண்டிகள் மலேசியச் சந்தைக்கு வந்துவிட்ட இந்நாளில், அவற்றின் பாதுகாப்பை ஒப்பிடுவோர் இப்பழைய வினாவையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மலாயாவின் முதல் இருப்புப்பாதை பேராக்கில் அமைந்தது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை சென்ற அப்பாதை 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. லாரூட் வட்டாரத்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். அதற்குமுன் அவ்வேலையைச் செய்தவை யானைகளும் மாட்டுவண்டிகளும் ஆகும். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1894 செப்டம்பர் 17ஆம் நாள், தெலுக்கான்சன் அருகே காட்டுக் களிறு ஒன்று ஓடிவந்த ரயிலை எதிர்த்து மோதித் தடம்புரளச் செய்தது, தானும் மாண்டது. தன் கூட்டத்தைக் காக்க முனைந்த அக்களிற்றுக்கு அங்கு நினைவுப் பலகையும் உண்டு. இதனைப் பலரும் வியப்புச் செய்தியாகவே சொல்வர். எனினும், மோதலில் எடைக்குள்ள பங்கை இது நன்கு விளக்குகின்றது. ஒன்றோடொன்று மோதும் இரண்டில், கனம் மிகுந்தது கனம் குறைந்ததன்மீது தன் வேகத்தைச் சுமத்துகின்றது.

ரயிலுக்குப் பின் தோட்டங்களுக்கு லோரி வந்தது. பால் ஏற்றவும் ரப்பர் தாள் ஏற்றவும் வந்த அதே லோரித் தட்டில் தொழிலாளரும் ஏறிச் சென்றனர். இருக்கை இல்லை; பிடித்துக்கொள்ளப் பக்கப் பலகை மட்டுமே இருந்தது. சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய மும்முனை இருக்கைப் பட்டை 1959இல் வால்வோ கார்களில் இடம்பெற்றது. மலேசியாவில் முன் இருக்கையாளர்க்கு அது 1979இலும், பின் இருக்கையாளர்க்கு 2009இலும் கட்டாயமாயிற்று. ஆனால் இருக்கைப் பட்டைக்கு முதலில் இருக்கை வேண்டும். தட்டில் நின்று சென்றவர்க்கு அச்சட்டத்தால் பயன் யாது?

மின்சாரப் பிக்கப் வண்டிகளை இனி நோக்குவோம். மேக்சஸ் டி90 பழைய முறைப்படி தனிச் சட்டத்தின்மேல் உடல் பொருத்தப்பட்டது. ரிடாரா ஆர்டி6 காரைப் போலச் சட்டமும் உடலும் ஒன்றாகப் பிணைந்தது. முன்னது கடும் பாரத்திற்கு ஏற்றது. பின்னது மோதலின் விசையை உடல் முழுதும் பரப்பி வாங்கும் இயல்பினது. மின்வண்டிகளில் கனமான மின்கல அடுக்கு தரைக்கு அண்மையில் இருப்பதால், வளைவில் கவிழும் வாய்ப்பு குறைகின்றது. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலையில் இயந்திரமே வேகத்தைத் தணித்து மின்சாரத்தைத் திருப்பிச் சேமிப்பதால் பிரேக்கு சூடேறுவதும் குறையும். ஆயின், மலையுச்சியிலேயே மின்கலத்தை முழுதும் நிரப்பி இறங்குவோர்க்கு இந்நன்மை தொடக்கத்தில் கிட்டாது. நிறைந்த குடத்தில் நீர் ஏது கொள்ளும்?

இவ்வளவும் வண்டிக்குள் இருப்பவர்க்கான காப்பு. வெளியில் இருப்பவர் நிலை வேறு. சாதாரண டீசல் பிக்கப் ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ளது. அமெரிக்காவின் ரிவியன் ஆர்1டி மூன்று டன்னைத் தாண்டும். ஹம்மர் மின்வண்டியோ நான்கு டன்னைத் தாண்டும். அதன் மின்கலம் மட்டுமே ஏறத்தாழ 1,300 கிலோ. நெப்ராஸ்கா பல்கலைக்கழகச் சோதனை ஒன்றில், மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் விடப்பட்ட ரிவியன் வண்டி, சாலையோர இரும்புத் தடுப்பை அறுத்துக்கொண்டு வெளியேறிற்று. இச்சோதனை 2024 தொடக்கத்தில் வெளியிடப்பட்டது. அதே ரிவியன் 2022இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகத்தின் உயர்ந்த விருதைப் பெற்றது என்பதும் நோக்கத்தக்கது. இரண்டும் உண்மையே. முன்னது சாலையை நோக்கிய அளவை. பின்னது பெரிதும் வண்டிக்குள் அமர்ந்தவரை நோக்கிய அளவை.

பேராக்கிற்கு இப்பாடம் புதிதன்று. யானை ரயிலை மறித்த அதே தெலுக் இந்தான் வட்டாரத்தில், 2025 மே 13ஆம் நாள், சித்ரா பௌர்ணமித் திருவிழாக் காவல் முடிந்து ஈப்போ திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டி, கல் ஏற்றிய லோரியோடு மோதி ஒன்பது காவலர் உயிரிழந்தனர். அவ்விரண்டும் மின்வண்டிகள் அல்ல. ஆனால் பாரம் எதனால் ஓடினும் பாரமே.

மலேசியாவில் சாலை விபத்தில் இறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பின், நகரோரங்களில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றிற்கு அதுவே வேலைக்குச் செல்லும் ஊர்தியாயிற்று. 2011இல் தோன்றிய ஆசியான் புதுக்கார் மதிப்பீட்டுத் திட்டம் இதனை உணர்ந்தது. தன் 2021ஆம் ஆண்டு விதிகளில், பெரியோர் காப்பு, சிறுவர் காப்பு, ஓட்டுநர்க்குத் துணைக்கருவி என்னும் மூன்றோடு, மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் காப்பை நான்காம் தூணாக வைத்து, மொத்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கியது. மறைவிடத்தில் வரும் மோட்டார் சைக்கிளைக் காட்டும் கருவி அதில் மதிப்பெண் பெறுகின்றது.

ஆகவே மின்சாரப் பிக்கப் வண்டிகளை ஒப்பிடுவோர் காற்றுப் பைகளை எண்ணுவதோடு நிற்றல் ஆகாது. வண்டியின் எடை யாது, பக்கத்தில் வரும் இருசக்கர வண்டியை அது காணுமா என்னும் இரண்டையும் கேட்டல் வேண்டும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: பின்தட்டில் எவரும் ஏற்றப்படலாகாது. மோதல் சோதனைகளில் அத்தட்டில் பொம்மை கூட வைக்கப்படுவதில்லை. எந்த விண்மீன் மதிப்பும் அங்கு அமர்பவரைக் கணக்கில் கொள்வதில்லை. லோரித் தட்டில் வாழ்நாளெல்லாம் சென்ற தலைமுறையின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும்.