ஓடுபாதைக்கு முன் ஒரு கணக்கு

விமானம் மேலெழுவதற்கு முன் அதன் எடை, காற்று, வெப்பநிலை, ஓடுபாதையின் நீளம், ஈரம் ஆகியவற்றைக் கொண்டு விமானிகள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். எவ்வளவு உந்துவிசை தேவை, எந்த வேகத்துக்குப் பின் நிறுத்த முயலக் கூடாது, எந்த வேகத்தில் மூக்கை உயர்த்துவது என்பவை அதிலிருந்து கிடைக்கின்றன. எடை பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் தலைமையகம் மொன்ரியாலில் இருப்பதை வாசகர்கள் அறிவர். கனடாவின் மிகப் புகழ்பெற்ற எடைக் கணக்குப் பிழை தொடங்கியதும் அதே நகரில்தான். 1983 ஜூலை 23 அன்று எயர் கனடாவின் 143 ஆம் இலக்கப் போயிங் 767, ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்ல மொன்ரியாலில் நின்றது. எரிபொருள்மானி பழுது. ஆகவே தாங்கியில் இருந்த எரிபொருளைக் கோல் கொண்டு அளந்தார்கள்: 7,682 லீற்றர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லீற்றரை எடையாக்க 1.77 ஆல் பெருக்கினார்கள். அது இறாத்தலுக்கான எண்; கிலோகிராமுக்கு ஏறத்தாழ 0.8. நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. (நம் கடைகளில் மரக்கறி விலையை இன்றும் இறாத்தலில்தானே எழுதிவைக்கிறார்கள்!) 20,088 லீற்றர் நிரப்பவேண்டிய இடத்தில் 4,916 லீற்றரே நிரம்பியது.

விமானம் கணக்கில் இருந்ததைவிட ஏறக்குறைய 12 தொன் இலேசு. இலேசான விமானம் எளிதாக எழும்பும். எனவே ஓடுபாதை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒட்டாவாவில் மீண்டும் அளந்தார்கள், அதே 1.77 ஆல் பெருக்கி. நடுவானில் இரு எஞ்சின்களும் நின்றன. தலைமை விமானி ரொபர்ட் பியர்சனும் துணை விமானி மொரிஸ் குவின்டலும் மனிடோபாவின் கிம்லியில், கைவிடப்பட்ட விமானப்படைத் தளமொன்றில் அதை இறக்கினார்கள். 69 பேரும் தப்பினர்.

பிழை மறுபக்கம் சாய்ந்தால் ஓடுபாதையே பகையாகும். 2004 அக்டோபர் 14 இல் ஹலிஃபக்ஸில் எம்.கே. எயர்லைன்ஸின் சரக்கு விமானமான போயிங் 747 ஏறத்தாழ 353 தொன் எடையுடன் புறப்பட்டது. மடிக்கணினியிலோ முந்தைய பயணத்தின் 240 தொன் எடையே கணக்குக்கு எடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்று விசாரணை கண்டது. குறைந்த உந்துவிசை, குறைந்த வேகம். வால் தரையில் உரச, பாதை முடிவுக்கு அப்பாலிருந்த மண்மேட்டில் மோதி எழுவரும் மாண்டனர். 2009 மார்ச் 20 இல் மெல்பேணில் எமிரேட்ஸ் விமானமொன்றுக்கு 362 என்பதற்குப் பதில் 262 தொன் என்று பதிவாயிற்று. ஒரே ஓர் இலக்கம்! வால் சேதத்துடன் அது திரும்பி இறங்கியது, உயிர்ச்சேதமில்லை.

இவற்றில் சோதனை இல்லாமலில்லை. முதல் எண்ணையே மறுபடி பார்த்தால் அது சோதனையாகாது என்பதே என் எண்ணம். இப்போது பல நிறுவனங்களில் இரு விமானிகளும் தனித்தனியே கணக்கிட்டு, பின்னர் சுமைத்தாளுடன் ஒப்பிடுகிறார்கள். ஓடும்போதே வேகம் போதாதென்று எச்சரிக்கும் கருவி வேண்டுமென ஹலிஃபக்ஸ் விபத்தின் பின் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை பரிந்துரைத்தது. எயர்பஸ் தன் சில ரகங்களில் அத்தகைய வசதியைச் சேர்த்திருக்கிறது.