செயற்கைப் புல்லின் கதை

சித்திரை மாதத்து நண்பகலில் திருப்பரங்குன்றத்துக் கண்மாய்க் கரையில் நடந்து பாருங்கள். நீர் வற்றிய இடமெல்லாம் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புகளின் ஓரத்தில் அருகம்புல் வைக்கோல் நிறத்தில் காய்ந்திருக்கும். செத்துவிட்டது என்றே நினைப்போம். ஆனால் ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தண்டுகள் மீண்டும் துளிர்த்துவிடும்.

இந்தப் புல்லுக்கு மாற்றாக, என்றும் வாடாத பிளாஸ்டிக் புல்லை வீட்டு முற்றத்தில் விரிக்கும் வழக்கம் இன்று மதுரைப் பக்கத்திலும் பரவி வருகிறது. இப்புல் எங்கே பிறந்தது? ஏன் பிறந்தது? நமது மண்ணுக்கும் வெயிலுக்கும் அது ஏற்றதுதானா?

கூரைக்குள் வாடிய புல்

அமெரிக்காவின் நெருக்கடி மிக்க நகரங்களில் சிறுவர்கள் ஓடியாட இடமில்லை என்ற கவலை 1950-களின் இறுதியில் எழுந்தது. கட்டாந்தரைக்கு மாற்றாக ஒரு மெத்தென்ற தரையை உருவாக்கும் முயற்சிக்கு ஃபோர்டு அறக்கட்டளை ஊக்கமளித்தது. மான்சாண்டோ என்னும் வேதிப்பொருள் நிறுவனம் நைலான் இழைகளைக் கொண்டு செயற்கைப் புல்லைத் தயாரித்தது. 1964-இல் ராட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிரவுன் பள்ளியில் அது விரிக்கப்பட்டது.

ஆயினும் இதற்கு உலகப் புகழ் தேடித் தந்தது ஒரு தவறு எனலாம். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரமும் மதுரையைப் போலவே கோடை வெப்பமும் களிமண்ணும் மிகுந்தது. வெயிலிலிருந்து தப்பிக்க, முழுவதும் கூரை வேய்ந்த ‘ஆஸ்ட்ரோடோம்’ என்னும் பேஸ்பால் விளையாட்டரங்கை 1965-இல் அங்கே திறந்தார்கள். கூரையில் ஒளி புகும் பலகைகளைப் பதித்து, தரையில் பெர்முடாப் புல்லின் ஒரு கலப்பினத்தை வளர்த்தார்கள். பெர்முடாப் புல் வேறொன்றுமன்று, நமது அருகம்புல்லேதான்!

கூரையின் கூசும் ஒளியில், உயர எழும்பிய பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குப் புலப்படவில்லை. எனவே பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். பந்து தெரிந்தது, ஆனால் புல் செத்தது. அருகம்புல் வெயிலைத் தாங்கும், வறட்சியையும் தாங்கும். நிழலை மட்டும் தாங்காது. 1966-இல் அங்கே செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்ற பெயரும் அந்த அரங்கிலிருந்தே வந்தது.

இந்தியாவுக்கு விழுந்த அடி

வளைகோல் பந்தாட்டமாகிய ஹாக்கியில் இந்தியா 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றது. 1964-இல் மீண்டும் ஒரு தங்கம் கிடைத்தது. 1975-இல் உலகக் கோப்பையும் நமதாயிற்று. மறு ஆண்டே, 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. இந்தியா பெற்றது ஏழாம் இடம்!

புல்தரையில் பந்தை நிறுத்தி, ஏய்த்து, குறுக்கி அடிக்கும் கலையில் நம்மவர் வல்லவர். செயற்கைத் தரையிலோ பந்து சீராகவும் விரைவாகவும் ஓடும்; ஓட்ட வேகமும் உடல் வலுவும் முன்னுக்கு வந்துவிட்டன. அத்தகைய தரையை அமைக்கப் பெரும் பணம் தேவை. நம் நாட்டு இளைஞர்கள் மண்ணிலும் புல்லிலும் பயின்றுவிட்டு, போட்டியில்தான் செயற்கைத் தரையை மிதித்தார்கள். 1980 மாஸ்கோவில், பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக்கில், தமிழகத்தின் வி. பாஸ்கரன் தலைமையில் நமது அணி தங்கம் வென்றது. அதன்பின் ஆடவர் ஹாக்கியில் ஒரு ஒலிம்பிக் பதக்கம் பெற 2021-இல் நடந்த டோக்கியோ போட்டி வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பைப் போட்டிகள் சென்னையிலும் மதுரையிலும் செயற்கைத் தரையில் நடைபெற்றன.

வெயிலும் களிமண்ணும்

விளையாட்டுத் திடலுக்கு ஏற்றது வீட்டு முற்றத்துக்கும் ஏற்றதாகிவிடுமா? இங்கே இரண்டு இயற்கை விதிகள் குறுக்கிடுகின்றன.

முதலாவது, வெப்பம். உயிருள்ள புல் வேரால் நீரை உறிஞ்சி, இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் செலவாகிறது. அறை வெப்பநிலையிலுள்ள எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும்! இவ்வாறு வெயிலின் பெரும்பகுதியைப் புல் செலவழித்துவிடுகிறது. பிளாஸ்டிக் இழைக்கு வியர்க்கத் தெரியாது. ஆகவே கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசையும் தாண்டிவிடும். குழந்தையின் வெறுங்காலுக்கு அது தீமிதிதான். நீர் தெளித்தால் சூடு தணியும். ஆனால் சிறிது நேரத்தில் பழையபடி ஏறிவிடும்.

இரண்டாவது, மண். கரிசல் போன்ற களிமண்ணில் உள்ள நுண்ணிய தகடுகளுக்கிடையே நீர் புகும்போது மண் உப்புகிறது. காயும்போது சுருங்கி வெடிக்கிறது. அதன்மேல் புல்விரிப்பை நேரடியாக விரித்தால், ஓரிரு மழைக்காலத்துக்குள் தரை மேடும் பள்ளமுமாகிவிடும், இணைப்புகள் பிரியும். களிமண் நீரை எளிதில் உள்ளே விடாததால் விரிப்பின் அடியில் தண்ணீர் தேங்கி நாற்றமெடுக்கும். ஆகவே மேல்மண்ணை வெட்டியெடுத்து, மண்ணும் கல்லும் கலவாதபடி ஒரு வடிதுணி விரித்து, ஜல்லியையும் கிரஷர் தூளையும் இட்டுக் கெட்டித்து, நீர் வடிய நூறு அடிக்கு ஓரடி வீதமாவது சரிவு வைக்க வேண்டும். விரிப்பின் விலையோடு இச்செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. தேய்ந்த இழைகள் எங்கே போகும்? நிரப்புப் பொருளாக இடும் ரப்பர்த் துகள்களும் நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் அத்துகள்களுக்குத் தடை விதித்து, மாற்று காண எட்டு ஆண்டு அவகாசம் தந்துள்ளது. நம் வீட்டு முற்றத்தில் விழும் மழை வாய்க்கால் வழியே கண்மாயைத்தானே சேர்கிறது!

பலர் ஓயாமல் மிதிக்கும் விளையாட்டுத் திடலுக்குச் செயற்கைப் புல் ஒரு தேவையாகலாம். வெயில் விழாத தாழ்வாரத்திலும் அதனால் கேடு குறைவு. ஆனால் திறந்த முற்றத்தில் அருகம்புல்லையும் ஒரு வேப்பங்கன்றையும் வைத்துப் பார்ப்பது நல்லது. கோடையில் புல் சற்றுப் பழுக்கும். அது சாவு அன்று, உறக்கம். ஹூஸ்டனில் கூரைக்குள் மடிந்த புல்லின் சுற்றம், இங்கே வெடித்த களிமண்ணுக்குள் மழைக்காகக் காத்திருக்கிறது.